செவிலி கூற்று

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவமனையில் நோயாளரைப் பேணுவோரைத் தமிழ் இன்று செவிலியர் என்று அழைக்கின்றது. 'நர்ஸ்' என்பதற்கு ஈடாக இச்சொல்லைத் தேர்ந்தவர் எவராயினும், சங்க அகப்பாடல்களில் தோய்ந்தவராகவே இருத்தல் வேண்டும். அகப்பாடலில் வரும் செவிலி தலைவியைப் பெற்றவள் அல்லள், வளர்த்தவள். தோழி அவளுடைய மகள் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். அகத்திணை மாந்தருள் அவளுக்கெனத் தனிக் கூற்றும் உண்டு. இன்ன இன்ன இடங்களில் செவிலி பேசுவாள் என்று இலக்கணமே அவளுக்கு உரிமை வழங்கியுள்ளது.

தலைவி தான் விரும்பியவனோடு உடன்போக்கில் சென்றுவிட்ட பின்னர் இரண்டு தாயரும் செய்வன வேறு வேறு. நற்றாய் மனைக்கண் இருந்து புலம்புகின்றாள். மகள் ஆடிய பந்தையும் பாவையையும் பார்த்து நொந்து கரைகின்றாள். செவிலியோ வாயிலைக் கடந்து, சுரத்தின் வழியே தேடிச் செல்கின்றாள். எதிர்ப்படும் முக்கோற்பகவரை வினவுகின்றாள். மணம் முடிந்து மகள் இல்லறம் நடத்தும் காலத்தில் அம்மனைக்குச் சென்று கண்டு மீள்பவளும் அவளே. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார் பாடிய 'செவிலி கூற்றுப் பத்து' அவ்வாறு கண்டு வந்ததை நற்றாய்க்கு எடுத்துரைப்பதாக அமைந்தது. தாய் போகவியலாத இடத்துக்குப் போதலும், கண்டதை மீண்டு வந்து தாய்க்குச் சொல்லுதலும் அவளுடைய தொழில்.

இவ்வட்டம் கடந்து வந்த பத்தாண்டுகளுக்கு நடுவே கோவிட் பெருந்தொற்று வந்து சென்றது. 2020 மார்ச் 11 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் அதனைப் பெருந்தொற்று என அறிவித்தது. அதே நிறுவனம் அதே 2020-ஐச் செவிலியர், பேறுகால உதவியாளர் ஆண்டாக முன்னரே அறிவித்திருந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து இருநூறாண்டு நிறைவதை ஒட்டி எடுத்த முடிவு அது. விழாக் கொண்டாட வேண்டிய ஆண்டில் உலகெங்கும் மருத்துவமனை வாயில்கள் அடைக்கப்பெற்றன. பெற்றவரும் பிள்ளைகளும் மனைவியும் கணவனும் வாயிலோடு நிறுத்தப்பட்டனர். உள்ளே சென்றவர் செவிலியர். ஈராயிரம் ஆண்டுப் பழஞ்சொல் தன் பழைய பொருளை அன்று முழுமையாகத் திரும்பப் பெற்றது. ஆனால், அச்சொல்லோடு கூடவே வந்திருக்க வேண்டிய கூற்று மட்டும் வரவில்லை.

அந்நாள்களில் தமிழில் கவிதைக்குக் குறைவில்லை. ஊரடங்கில் கணினித் திரை வழியே கவியரங்குகள் நடந்தன. கிருமியை விளித்துப் பாடினர், முகக்கவசத்தை உவமையாக்கினர், ஆளற்ற தெருவைப் பாடினர். செவிலியரையும் மறந்தாரல்லர். வெள்ளுடைத் தேவதை என்றும், விளக்கேந்திய தெய்வம் என்றும், கருணையின் வடிவம் என்றும் பாடினர். பாடியவர் நெஞ்சில் நன்றி இருந்தது, அதில் ஐயமில்லை. ஆயினும் அப்பாடல்களில் செவிலி முன்னிலையில் நிறுத்தி வணங்கப்பட்டாளேயன்றித் தன்மையில் நின்று பேசினாள் இல்லை. தேவதைக்குத் தாகம் எடுக்காது, கையுறை வேண்டாம், மாத ஊதியமும் வேண்டாம். அவ்வுருவகம் செய்துவிடும் வேலை இதுதான். அது எங்கிருந்து வந்தது என்பதைக் கவிஞர்கள் அறிந்துகொள்வது நன்று. ஏனெனில் அதனை நிலைபெறச் செய்தவர் ஒரு கவிஞர்.

1854 நவம்பரில் நைட்டிங்கேல் முப்பத்தெட்டுப் பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். உலகைச் சுற்றிவந்த மூன்றாம் காலராப் பெருந்தொற்றும் அதே காலத்ததே. குண்டுபட்டு இறந்த வீரரைக் காட்டிலும் காலராவாலும் டைபஸ் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் இறந்தவரே பன்மடங்கினர். 'தி டைம்ஸ்' இதழில் 1855-இல் வெளிவந்த செய்தியொன்று, இரவில் சிறு விளக்குடன் தனியே சுற்றிவரும் அவரைத் தேவதை என்று வருணித்தது. ஸ்கூட்டாரியைக் கண்ணாலும் காணாத அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ அதனை வைத்து 1857-இல் 'சாண்டா ஃபிலோமினா' என்னும் கவிதை புனைந்தார். விளக்கேந்திய சீமாட்டி அதன் வழியே உலகப்புகழ் பெற்றார். தமிழிலும் கைவிளக்கேந்திய காரிகை ஆனார். ஓவியர்கள் அவர் கையில் பழங்காலக் கிரேக்க அகலைக் கொடுத்தனர். உண்மையில் அவர் ஏந்தியது துருக்கிய நாட்டு மடிப்புக் கூண்டு விளக்கு.

விளக்கு பொய்யன்று. ஆயினும் அப்பெண்மணி தம் கையால் செய்து உலகுக்குக் காட்டியது வேறொன்று. ஊர் திரும்பிய பின் இறப்புக் கணக்குகளைத் திரட்டி, மாதந்தோறும் எத்தனை பேர் காயத்தால் இறந்தனர், எத்தனை பேர் தடுத்திருக்கக்கூடிய தொற்றால் இறந்தனர் என்பதை வட்டமாக விரியும் வண்ணப் படமாக 1858-இல் வரைந்து ஆட்சியாளர் முன் வைத்தார். சாக்கடையும் காற்றோட்டமும் கொன்ற மனிதரின் எண்ணிக்கை அப்படத்தில் உள்ளது. அது அவருடைய கூற்று. 1859-இல் அவர் எழுதிய செவிலியப் பணி பற்றிய நூலில், நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து பொய்யான நம்பிக்கை மொழி பேசுவோரைக் கடிந்துகொள்கிறார். இனிய மொழியால் நோயாளிக்கு விளையும் துன்பத்தை அவ்வளவு கூர்மையாக எழுதியவரை இனிய மொழியாலேயே மூடிவிட்டது உலகம். பள்ளிப்பிள்ளைகள் வரை விளக்கை அறிவர். படத்தை அறிந்தவர் புள்ளியியல் கற்றோரே.

செவிலியம் என்பது மருத்துவத்தின் துணைத்தொழில், மருத்துவர் சொன்னதைச் செய்வது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. பெருந்தொற்றுக் காலங்கள் இதனைத் தலைகீழாக்குகின்றன. 1918-இல் இன்ஃபுளுயன்சா பரவியபோது மருத்துவரிடம் அதற்கு மருந்து இல்லை. பென்சிலின் கண்டறியப்பட்டது 1928-இல். அந்நோயின் வைரசை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தது 1933-இல். எதனால் சாகிறார்கள் என்பதே உறுதிப்படாத நிலையில் ஆஸ்பிரினும் கொய்னாவும் கொடுத்துப் பார்த்தனர். நோயாளியைப் பிழைக்கவைக்கக் கூடியவை எவை? படுக்கையில் கிடத்தல், நீர் பருகச் செய்தல், வியர்வையில் நனைந்த விரிப்பை மாற்றுதல், சன்னலைத் திறந்துவைத்தல், சிறிது சிறிதாகக் கஞ்சி ஊட்டல், முகம் நீலம் பாய்கிறதா என்று நள்ளிரவிலும் பார்த்துக்கொண்டிருத்தல். இவை அனைத்தும் செவிலியம். அன்று செவிலியமே மருந்து. நியூயார்க்கில் லில்லியன் வால்ட் தலைமையில் செவிலியர் ஒருங்கிணைந்து, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த மாடிக் குடியிருப்புகளில் படி ஏறி இறங்கிச் செய்தது இத்தொழிலைத்தான்.

பயிற்சி பெற்ற செவிலியருள் மிகப் பலரைப் போர்க்களம் கொண்டுபோயிருந்தது. ஆள் இல்லை என்ற கூக்குரல் அமெரிக்கா எங்கும் எழுந்தது. அதே வேளையில், பயிற்சி பெற்ற கறுப்பினச் செவிலியர் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாயிலில் நின்றுகொண்டிருந்தனர். ஏடா தாம்ஸ் என்னும் செவிலியத் தலைவி ஓயாது வாதாடினார். 1918 டிசம்பரில்தான் ராணுவச் செவிலியர் படை பதினெட்டுப் பேரை ஏற்று, இல்லினாயின் கேம்ப் கிரான்ட், ஓஹையோவின் கேம்ப் ஷெர்மன் ஆகிய முகாம்களுக்கு அனுப்பியது. எல்லா இனத்து நோயாளியையும் பேணினர். தங்கியது மட்டும் தனி இடத்தில். 1919-இல் வேலை முடிந்தது என்று விடுவிக்கப்பட்டனர். 'வேலை முடிந்தது' என்னும் இச்சொல் பின்னரும் ஒருமுறை வரும்.

அந்த 1918 பெருந்தொற்று கோடிக்கணக்கானோரைக் கொன்றது. இந்தியாவில் மட்டுமே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்திக் கவிஞர் நிராலா தம் மனைவியையும் உறவினர் பலரையும் அதில் இழந்தார். ஆயினும் உலக இலக்கியத்தில் அது விட்டுச்சென்ற தடம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறிது. அமெரிக்க எழுத்தாளர் காத்தரின் ஆன் போர்ட்டர் டென்வர் நகரில் அந்நோயில் விழுந்து பிழைத்தவர். இருபதாண்டு கழித்து 'பேல் ஹார்ஸ், பேல் ரைடர்' என்னும் குறுநாவலாக அதனை எழுதினார். அதில் ஒரு செவிலி வருகிறாள். நோயாளியின் காய்ச்சல் கண்ணுக்குப் புலப்படும் அளவே அவள் தெரிகிறாள். அது நோயாளியின் கதை, குற்றம் கூறுவதற்கில்லை. செவிலியின் கண்ணால் அவ்வறையைக் கண்ட படைப்பு அந்நூலுக்கு இணையாக எழவில்லை என்பதே குறை.

இனி 2020, 2021 ஆம் ஆண்டுகளின் நோயறைக்குள் செல்லலாம். இரட்டைக் கையுறை, உடல் முழுதும் மூடிய கவச உடை, இறுக்கமான முகக்கவசம், கண்ணாடி, அதன்மேல் முகத்திரை, காலுறை. அணியவும் கழற்றவும் வரிசைமுறை உண்டு. கழற்றும்போது ஒரு படி பிறழ்ந்தால் தொற்று. அணிந்துவிட்டால் பணிநேரம் முடியும்வரை நீர் அருந்தல் ஆகாது. கழிப்பறை செல்லல் ஆகாது. பணிக்கு முன்னரே நீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டோரும், குழந்தைகளுக்குக் கட்டும் துணியைப் போன்றதைத் தாம் கட்டிக்கொண்டோரும் பலர். மாதவிலக்கு நாள்களில் அந்த ஆறு மணிநேரம் எவ்வாறு கழிந்தது என்பதைப் பாடிய கவிதை அரிது. சென்னை வெயிலில் மூச்சாவி படிந்த கண்ணாடியின் ஊடே நரம்பைத் தேடி ஊசி ஏற்ற வேண்டும். இரட்டைக் கையுறையில் விரல்நுனி உணர்ச்சி மங்கிவிடும். நாடியைத் தொட்டறிவது கடினம்.

மூச்சுத் திணறுவோரைக் குப்புறப் படுக்கவைத்தால் நுரையீரலின் பின்பகுதி விரிந்து ஆக்சிஜன் அளவு உயரும். இதுவும் விலையுயர்ந்த மருந்தன்று, கைவேலை. செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ளவரைப் புரட்ட ஐந்தாறு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று தொண்டைக் குழாய் நழுவாமல் பிடித்துக்கொண்டு எண்ணுவார். எண்ணி முடித்த நொடியில் அனைவரும் ஒருங்கே புரட்டுவர். நாள் ஒன்றுக்குப் பதினாறு மணிநேரம்வரை அவ்வாறு கிடக்க வேண்டும். கன்னம், நெற்றி, முழங்கால் ஆகியவற்றில் புண் விழாதிருக்க இடையிடையே தலையைத் திருப்பி வைக்க வேண்டும். பிறகு மீண்டும் மல்லாத்த வேண்டும். கவச உடைக்குள் இருந்துகொண்டு ஒரு பணிநேரத்தில் இதனைப் பல படுக்கைகளில் செய்தவர் இடுப்பு என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நோயாளி செவிலியின் முகத்தைக் கண்டதில்லை. கவச உடையின் மார்பில் மையால் பெயரை எழுதிக்கொண்டனர். சிலர் தம் புகைப்படத்தை ஒட்டிக்கொண்டனர். நோயாளிக்கு உண்மையில் எஞ்சியது குரல் ஒன்றே. ஆக்சிஜன் இரைச்சலுக்கும் மணி ஒலிக்கும் இடையே முகத்திரையைத் தாண்டிக் கேட்பதற்காக உரக்கப் பேசியாக வேண்டும். அன்பாகச் சொல்ல வேண்டியதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. தொடுவதும் கையுறையின் வழியேதான். பிரேசிலின் சாவோ கார்லோசில் 2021-இல் செவிலியர் இரு கையுறைகளில் வெந்நீர் நிரப்பி முடிந்து, நோயாளியின் குளிர்ந்த கையை இரண்டுக்கும் நடுவே வைத்துக் கட்டினர். கை சூடேறினால் குருதி ஓட்டம் சீராகி, விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவைச் சரியாகக் காட்டும். யாரோ கையைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நோயாளிக்கும் தோன்றும். அதன் படம் வெளிவந்ததும் உலகம் அதற்கு ஆண்டவனின் பெயரைச் சூட்டியது. செய்தவர்க்கோ அது ஒரே நேரத்தில் பல நோயாளிகளின் கையைப் பற்ற ஆள் போதாத குறைக்குக் கண்ட வழி.

செவிலியின் இரண்டாம் தொழில், கண்டதைத் தாய்க்கு வந்து சொல்லுதல். அது கைபேசி வழியே நடந்தது. நெகிழியுறையில் இட்ட கைபேசியை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்தபடி செவிலி நின்றாள். மறுபுறம் மனைவியோ மகனோ. 'சாப்பிட்டீர்களா' என்ற கேள்விக்கு மூச்சு வாங்கும் நோயாளி தலையசைப்பார். பேச இயலாதவரின் காதருகே கைபேசியை வைத்து, வீட்டார் கூறும் விடைமொழி முடியும்வரை கையை ஆட்டாமல் நிற்க வேண்டும். கணவன் மனைவிக்கும் தாய் மகளுக்கும் உரிய சொற்களை மூன்றாமவர் கேட்டுக்கொண்டு நின்ற நிலை இது. அகப்பாடல் மரபில் செவிலி கேளாதது போல் இருந்து கேட்பவள். இங்கு அவள் கேளாதிருக்க இயலாதவள். அச்சொற்கள் அவர்தம் நெஞ்சிலேயே கிடக்கின்றன. பிறர் மறைமொழியைக் காக்கும் கடமை உள்ளவர்கள் அவர்கள். அம்மௌனத்தில் ஒரு பகுதி அறத்தின்பாற்பட்டது. எஞ்சிய பகுதி, கேட்க ஒருவரும் வராமையால் விளைந்தது.

வாயிலுக்கு வெளியே நடந்தது வேறு நாடகம். 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடெங்கும் தட்டும் மணியும் ஒலித்தன. மே 3 அன்று மருத்துவமனைகள் மீது விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் மலர் தூவின. இவ்விரு நாள்களுக்கும் இடையே, ஏப்ரல் 22 அன்று, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கும் அவசரச் சட்டமும் பிறப்பிக்கப்பட்டது. மலர் தூவிய நாட்டுக்கு அச்சட்டம் தேவைப்பட்டது. செவிலியரை வீட்டைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்களும் அன்று மாலை தட்டு ஒலித்தவர்களுள் இருந்திருக்கலாம். பிரித்தானியாவில் வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்குக் கைதட்டினர். அந்நாட்டுப் பிரதமர் நோயில் விழுந்து எழுந்தபோது தம் படுக்கையருகே நின்ற இரு செவிலியரை வானளாவப் புகழ்ந்தார். ஓராண்டு கழித்து அரசு முன்மொழிந்த ஊதிய உயர்வு நூற்றுக்கு ஒன்று. அவ்விருவருள் நியூசிலாந்தைச் சேர்ந்தவர், உரிய மதிப்பும் ஊதியமும் இல்லை என்று கூறி 2021 மே மாதத்தில் பணி துறந்தார்.

2020 சனவரி முதல் 2021 மே வரை கோவிட்டால் இறந்த நலப்பணியாளர் தொகையை உலக நலவாழ்வு நிறுவனம் 80,000 முதல் 1,80,000 வரை என மதிப்பிட்டது. அமெரிக்கச் செவிலியருள் பிலிப்பினோ இனத்தவர் நூற்றுக்கு நால்வர். 2020 செப்டம்பர் வரை அந்நாட்டில் கோவிட்டால் மாண்ட செவிலியருள் அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் என்பது அங்குள்ள செவிலியர் சங்கம் வெளியிட்ட கணக்கு. நைட்டிங்கேல் இருந்திருந்தால் இவ்வெண்களை வண்ணப் படமாக்கியிருப்பார்.

தமிழகத்தில் பெருந்தொற்றுக் கால நெருக்கடிக்கென ஒப்பந்த முறையில் செவிலியர் சேர்க்கப்பட்டனர். மாதம் 14,000 ரூபாய்த் தொகுப்பூதியம். இரண்டு அலைகளிலும் நோயறையில் நின்றவர்கள் இவர்கள். 2022 டிசம்பர் 31-உடன் இவர்களுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. புத்தாண்டின் முதல் நாள்களில் அவர்கள் தெருவில் அமர்ந்து போராடினர். அரசு மாற்று ஒப்பந்தப் பணி தருவதாகக் கூறியது. அவர்கள் வேண்டியது பழைய பணியில் தொடரவும் நிலையான பணி பெறவும். எந்தப் பக்கத்து வழக்கு வலியது என்பதை ஆராய்வதற்கு இந்த அவை இடமன்று. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேவதை என்று பாடிய கவிதைகள் ஆயிரம் இருக்கலாம். அந்தச் சனவரி மாதத்துத் தெருவைப் பாடிய கவிதை எத்தனை? 'வேலை முடிந்தது' என்ற சொல்லை அவர்களும் கேட்டனர். அது தேவதைக்குச் சொல்லத் தகும் சொல்லன்று, தொழிலாளிக்குச் சொல்லப்படுவது. அவர்கள் தம்மை எவ்வாறு அறிந்திருந்தனர் என்பதும் அப்போராட்டத்தில் தெரிந்தது.

கவிஞரே நோயாளரைப் பேணச் சென்ற வரலாறும் உண்டு. 1854-இல் தம் முதல் மராத்தியக் கவிதைத் தொகுதியை வெளியிட்டவர் சாவித்திரிபாய் புலே. பெண்கல்விக்காக அவர் பட்ட பாட்டைப் பலரும் அறிவர். 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக், மூன்றாம் பிளேக் பெருந்தொற்றின் ஒரு கிளை. மறு ஆண்டே புனேவைச் சூழ்ந்தது. மருத்துவரான வளர்ப்பு மகன் யஷ்வந்துடன் ஊர்ப்புறத்தே சிகிச்சையிடம் அமைத்து நோயாளரைச் சேர்த்தார். பிளேக் கண்ட ஒரு சிறுவனை, தீண்டத்தகாதார் எனப்பட்ட குலத்தவனை, தாமே தூக்கிச் சுமந்து அங்குக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. சிறுவன் பிழைத்தான், சாவித்திரிபாயை நோய் பற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார். அவர் தொகுதிகள் யாவும் பிளேக்குக்கு முந்தியவை. கவிதையும் அறிந்து, நோயாளியின் எடையையும் தோளில் அறிந்த ஒருவர்க்கு, அதனைப் பாட வாழ்நாள் எஞ்சவில்லை.

ஆயினும் செவிலியர்க்குக் கூற்றே இல்லை என்று எண்ணிவிடலாகாது. நாள்தோறும் மும்முறை அது நிகழ்கின்றது. பணிநேரம் மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் படுக்கை படுக்கையாக நின்று ஒப்படைத்துச் செல்லும் வழக்கம் எல்லா மருத்துவமனைகளிலும் உண்டு. அதில் உவமை இல்லை, அடைமொழி இல்லை, இரக்கச் சொல்லும் இல்லை. பெருந்தொற்றுக் காலத்து விடியற்காலை ஒன்றில் அது இவ்வாறு இருந்திருக்கும். பதினொன்றாம் படுக்கை. ஐந்தாம் நாள். ஆக்சிஜன் நிமிடத்துக்குப் பத்து லிட்டர். மல்லாந்தால் 88, குப்புறப் படுத்தால் 93. இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல், மாத்திரை கொடுத்தாயிற்று. கஞ்சி அரைத் தம்ளர். சிறுநீர் குறைவு. இடக்கை ஊசி வீங்கியது, வலக்கைக்கு மாற்றியாயிற்று. பன்னிரண்டாம் படுக்கைக்காரர் இறந்தது இவருக்குத் தெரியும். திரை போடுமுன் பார்த்துவிட்டார். மகள் இருமுறை அழைத்தார். அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார், எழுப்பவில்லை. எட்டு மணிக்குமேல் மறுபடி அழைப்பார். கைபேசி தலையணைக்கு அடியில் இருக்கின்றது.